முதுகெலும்பில் குறை, சிறுநீரகத்துக்கு ஏன் ஸ்கேன்? கருவின் நடுப்படை பற்றி ஒரு கேள்வி

நிலா அம்மா:

எங்கள் மகளுக்கு 3 வயது. சட்டை மாற்றும்போது ஒரு தோள் இறங்கினாற்போல் தெரிகிறதே என்று காட்டப் போனோம். எக்ஸ்ரே எடுத்ததில் நெஞ்சுப் பகுதியில் முள்ளெலும்பு ஒன்று பாதிதான் உருவாகியிருக்கிறது என்று தெரிந்தது, அறிக்கையில் ஹெமிவெர்டிப்ரா என்று போட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், வளைவு கூடுகிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார் டாக்டர். அதுவரை சரி. ஆனால் கையோடு வயிற்று ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, முதுகுக்கு எம்ஆர்ஐ என்று மூன்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைக்கு மூத்திரத் தொந்தரவு எதுவும் கிடையாது, மூச்சு வாங்குவதும் இல்லை, நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "எல்லாம் மீசோடெர்ம்ல இருந்து வர்றதும்மா, ஒண்ணுல குறை இருந்தா மத்ததையும் பார்த்துடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே அத்தனை கூட்டம், அவர்மேல் குறை சொல்லவில்லை.

நான் பி.காம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததில் கருவில் மூன்று படைகள் இருக்கும், நடுவில் இருப்பது மீசோடெர்ம், அதிலிருந்து எலும்பு, தசை, ரத்தம், சிறுநீரகம், இதயம் எல்லாம் வரும் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. பட்டியலை வைத்து என்ன செய்வது? எலும்பும் சிறுநீரகமும் ஒரே இடத்திலிருந்து எப்படி வரும்? அப்படியே வந்தாலும், ஒரே ஒரு எலும்பு பாதியாகப் போனதற்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? புரியும்படி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். பயமுறுத்தாமல் சொல்லுங்கள், ஆனால் மறைக்கவும் வேண்டாம்.

கருவியல் வாத்தியார்:

அம்மா, உங்கள் டாக்டர் சொன்னது சரி. விரித்துச் சொல்ல அவருக்கு நேரமில்லை, எனக்கு இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் பல வருடம் உடற்கூறியல் நடத்தியவன், இந்தக் கேள்வி மாணவர்களுக்கே பட்டியலாகத்தான் போய்ச் சேர்கிறது என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கருத்தரித்து இரண்டு வாரம் ஆகும்போது குழந்தையாகப் போகிற பகுதி இரண்டே அடுக்குள்ள ஒரு சின்னத் தட்டு. மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு, அவ்வளவுதான். ஏறக்குறைய 15ஆம் நாளில் மேல் அடுக்கின் மீது, பின்முனையிலிருந்து நடு வரைக்கும் ஒரு கோடு விழும். ஆதிக்கோடு என்போம். அதுவரை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்த மேல் அடுக்குச் செல்கள் இந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து வந்து, பக்கத்துச் செல்லின் பிடியை விட்டுவிட்டு, உருவம் மாறி, உள்ளே இறங்க ஆரம்பிக்கும். முதலில் இறங்குகிறவை கீழ் அடுக்கை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கின்றன, அது அகப்படை. குடலின் உள்தோல், நுரையீரலின் உள்பூச்சு, கல்லீரல் எல்லாம் அங்கிருந்து. அடுத்து இறங்குகிறவை மேலுக்கும் கீழுக்கும் நடுவில் இருபக்கமும் பரவுகின்றன. அதுதான் நீங்கள் கேட்ட நடுப்படை. இறங்காமல் மேலேயே நின்றுவிடுபவை புறப்படை, அதாவது தோலின் மேற்பகுதி, மூளை, தண்டுவடம். மூன்றுமே அந்த ஒரு மேல் அடுக்கிலிருந்து வந்தவைதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

(கருவை ஆய்வுக்கூடத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்று பல நாடுகள் வைத்திருக்கிற வரம்பு இந்தக் கோட்டை வைத்து வந்ததுதான். 1984இல் பிரிட்டனில் வார்னாக் குழு சொன்னது. கோடு விழுந்துவிட்டால் இது இன்ன ஒரு ஆள் என்று உறுதியாகிவிட்டது, அதற்குமேல் இரட்டையாகப் பிரிவது அரிது என்பது அதன் காரணங்களில் ஒன்று.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பரவிய நடுப்படை ஒரே மாதிரி விரிப்பாக நிற்பதில்லை. நடுக்கோட்டிலேயே முதுகுநாண் என்று ஒரு தண்டு. அதன் இருபுறமும் ஒட்டினாற்போல் தடித்த ஒரு பட்டை: இதிலிருந்து முள்ளெலும்பு, விலா எலும்பு, உடம்பின் தசைகள், முதுகுத் தோலின் அடிப்பகுதி. அதற்கு வெளியே ஒடுக்கமாக இன்னொரு பட்டை: இதிலிருந்து சிறுநீரகம், விந்தகம் அல்லது சினைப்பை, அவற்றின் குழாய்கள். அதற்கும் வெளியே அகலமான மூன்றாவது பட்டை. இது மேல் கீழ் என்று இரண்டு தாளாகப் பிரிந்து இதயம், ரத்தக் குழாய்கள், குடலைச் சுற்றிய தசை, கை கால் எலும்புகள் என்று போகும். கரு மொத்தமே அப்போது 2 மில்லிமீட்டர் அளவுதான். அந்த அளவில் முள்ளெலும்புப் பட்டைக்கும் சிறுநீரகப் பட்டைக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலம், வேலை நடப்பதும் அதே நாட்களில்.

செல்லுக்கு எப்படித் தெரியும், நான் எலும்பா சிறுநீரகமா என்று? அது நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஓரத்துப் பகுதியிலிருந்து பிஎம்பி என்ற புரதம் சுரக்கிறது, நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து நாகின் மாதிரியான புரதங்கள் அதைக் கட்டிப்போடுகின்றன. அதனால் நடுவில் பிஎம்பி குறைவு, ஓரத்தில் அதிகம், இடையில் இடைப்பட்ட அளவு. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோழிக்கருவில் செய்து காட்டினார்கள்: ஓரத்துப் பட்டையில், முள்ளெலும்பு வரவே கூடாத இடத்தில், நாகின் சுரக்கும் செல்களை வைத்தார்கள், அங்கே முள்ளெலும்புக்கான கண்டங்கள் முளைத்தன. நடுக்கோட்டை ஒட்டிய பட்டை துண்டு துண்டாகப் பிரிந்து உண்டாகிற சின்னச் சின்னச் செல் உருண்டைகளைத்தான் கண்டம் என்கிறோம். செல்கள் அதேதான், இருந்த இடத்தின் அளவு மட்டும் மாறியது.

அந்தக் கண்டங்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடைவைத்து இரண்டு நாளான கோழி முட்டையை எடுத்து, ஓட்டில் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டி, கருவுக்கு அடியில் ஊசியால் கொஞ்சம் கறுப்பு மை விட்டால், மஞ்சள் கருவின் மேல் கண்ணாடி போல் கிடந்த கரு பளிச்சென்று தெரியும். நடுவில் ஒரு கோடு, அதன் இருபுறமும் ஜோடி ஜோடியாக நெருக்கித் தொடுத்த மல்லிகை மொட்டுகள் மாதிரி கண்டங்கள், ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு துடிக்கிற இதயம். தலைப்பக்கம் முதலில் பிரியும், பின்னால் போகப் போகப் புதியவை. கோழியில் 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி, மனிதக் கருவில் ஏறக்குறைய 5 மணி நேரத்துக்கு ஒன்று. மனிதனில் 20ஆம் நாள் வாக்கில் முதல் ஜோடி, ஐந்தாம் வார முடிவுக்குள் மொத்தம் 42 முதல் 44 ஜோடி.

உங்கள் மகளின் அந்த ஒரு முள்ளெலும்பு தீர்மானமானது இந்த நாட்களில்தான்.

வேடிக்கை பார்ப்பவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2 மில்லிமீட்டர் கருவில் எந்தச் செல் எங்கே போய் என்னவாகிறது என்று இவ்வளவு உறுதியாக எப்படித் தெரியும் சார்? யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாதே.

கருவியல் வாத்தியார்:

உட்கார்ந்து பார்க்கத்தான் செய்தார்கள் தம்பி. 1817இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் கிறிஸ்டியன் பாண்டர் என்ற இளைஞர் ஆயிரக்கணக்கான கோழி முட்டைகளை மணிக்கணக்கு வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, கருவில் மூன்று படைகள் இருக்கின்றன என்று முதன்முதலில் எழுதினார். நடுவில் இருப்பதை அவர் ரத்தக்குழாய்ப் படை என்றே சொன்னார், ஏனென்றால் கண்ணுக்கு முதலில் பட்டது ரத்தம்தான். அவருடைய நண்பர் வான் பேர் 1828இல் முதுகெலும்புள்ள எல்லா விலங்குக்கும் இது பொருந்தும் என்று காட்டினார்.

ஆனால் நீ கேட்கிற உறுதி வந்தது 1969க்கு அப்புறம். பிரான்சில் நிக்கோல் லெ துவாரின் என்ற அம்மையார் காடைச் செல்லின் உட்கருவுக்கும் கோழிச் செல்லின் உட்கருவுக்கும் மைக்ராஸ்கோப்பில் தெளிவான வித்தியாசம் தெரிவதைக் கண்டுபிடித்தார். காடைக் கருவிலிருந்து ஒரு துண்டை வெட்டி கோழிக் கருவில் அதே இடத்தில் ஒட்டிவிட்டால் போதும், பிறகு எத்தனை நாள் கழித்துப் பார்த்தாலும் காடைச் செல் எங்கே போயிருக்கிறது என்று தனித்துத் தெரியும். கையின் எலும்பு அங்கேயே இருக்கிற ஓரத்துப் பட்டையிலிருந்து வருகிறது, கையின் தசை மட்டும் நடுவில் இருக்கிற கண்டங்களிலிருந்து கிளம்பி உள்ளே நடந்து வருகிறது என்பதெல்லாம் இந்த முறையில் நிரூபணமானவை. மனிதக் கருவைப் பொறுத்தவரை பழைய சேகரிப்புகளின் வெட்டுத் துண்டுகள்தான் ரொம்ப காலம் ஆதாரம். 2021இல் 16 முதல் 19 நாள் வயதுள்ள ஒரே ஒரு மனிதக் கருவின் செல்களைத் தனித்தனியாக எடுத்து எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்து வெளியிட்டார்கள். மற்ற விலங்குகளில் பார்த்ததோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

எலும்பு டாக்டர்:

வணக்கம் மேடம். குழந்தைகளின் முதுகெலும்பு பார்க்கிறவன் நான். உங்கள் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது, பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

அந்த மூன்று சீட்டும் தேவையானவைதான், ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள். பிறவியிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாத குழந்தைகளைக் கணக்கெடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ வழக்கமான அமைப்பில் இருக்காது. ஒரே சிறுநீரகம் இருக்கலாம், இரண்டும் கீழே ஒட்டிக்கொண்டு குதிரை லாட வடிவில் இருக்கலாம், ஒன்று ஏறவேண்டிய உயரத்துக்கு ஏறாமல் இடுப்பிலேயே நின்றிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராது, அதனால்தான் பிள்ளை ஓடியாடுகிறாள் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. தெரிந்து வைத்திருந்தால் என்ன பயன் என்றால், ஒரே சிறுநீரகம் இருக்கிற குழந்தைக்கு அதைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரைகளை யோசித்துக் கொடுப்போம், சிறுநீர்த் தொற்று வந்தால் அலட்சியமாக விடமாட்டோம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே வருவோம். பின்னால் முதுகில் ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து டாக்டருக்கு இதயம் எப்படி இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்கவேண்டும். வயிற்று ஸ்கேன், எக்கோ இரண்டிலும் கதிர்வீச்சு கிடையாது.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு மாறுபாடு. பக்கத்துப் பக்கத்துப் பட்டை என்பது அருமையான விளக்கம், ஆனால் நடுப்படை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் நாங்கள் பார்க்கிற குழந்தைகள் அதில் அடங்கமாட்டார்கள். வாக்டெர்ல் என்று, பல பிறவிக் குறைகள் சேர்ந்து வருகிற ஒரு தொகுப்பு இருக்கிறது. முள்ளெலும்பு, இதயம், சிறுநீரகம், கை இவற்றோடு ஆசனவாய் திறக்காமல் இருப்பதும் உணவுக்குழாய் மூச்சுக்குழாயோடு சேர்ந்திருப்பதும் அதில் வரும். உணவுக்குழாயின் உள்பூச்சு அகப்படை. எம்ஆர்ஐயில் நாங்கள் தேடுவது தண்டுவடத்தை: அது இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, கீழே எங்கேயாவது கட்டுண்டு இழுபடுகிறதா என்று. தண்டுவடம் புறப்படை. ஆகவே இந்த மேடத்துக்குப் பட்டியல் ஒரு பாதிதான் பதில் சொல்லும்.

ஒரே கிட்னி அப்பா:

என் மகனுக்கும் முதுகில் இதே பிரச்சினைதான், இப்போது எட்டாவது படிக்கிறான். அந்த ஸ்கேனில்தான் இடது சிறுநீரகம் இல்லை என்று தெரிந்தது. ஆடிப்போய்விட்டோம். அப்புறம் சிறுநீரக டாக்டர் பொறுமையாகச் சொன்னார், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் ஒரே சிறுநீரகத்தோடு பிறக்கிறார்கள், பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது, இருக்கிற ஒன்று கொஞ்சம் பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும் என்று. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: வருடத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, பிரஷர். பள்ளியில் ஒரு கடிதம் கொடுத்து வைத்திருக்கிறோம். காய்ச்சல் என்றால் எந்த மாத்திரையாக இருந்தாலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதில்லை. எம்ஆர்ஐக்குப் பிள்ளையைத் தூங்கவைக்க வேண்டியிருக்கும், காலையில் வெறும் வயிறு என்பார்கள், முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் சகோதரி. பசியில் அழுவதுதான் பெரிய பாடு.

நிலா அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. வாத்தியார் ஐயா எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன்.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. தண்டுவடம் வேறு படை என்றால் முள்ளெலும்பு கெட்டபோது அது ஏன் கெடவேண்டும்? டாக்டர் சொன்ன இன்னொரு பாதிப் பதில் என்ன?

அடுத்தது கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கர்ப்பம் என்று எனக்குத் தெரிந்ததே ஏழாவது வாரத்தில். அதற்கு முன்னால் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருக்கிறேன், வண்டியில் வேலைக்குப் போய்வந்தேன், சத்து மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. எங்கள் மாமியார் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சமயத்தில் என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு மூன்று தடவை விசாரித்துவிட்டார். இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்த நேரம் இது. நான் ஏதாவது செய்ததால் வந்ததா?

எலிக்கூண்டு:

அக்கா, வளர்ச்சி உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறேன், முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் படைகளைச் சுவர் வைத்துப் பிரித்த மாதிரி வரைகிறோம், உடம்பு அப்படிப் பிரிப்பதில்லை. கருவின் பின்முனையில் ஒரு தொகுதிச் செல்கள் ரொம்ப நாள் முடிவெடுக்காமலே இருக்கும். அவற்றின் பிள்ளைகளில் சில தண்டுவடமாகும், சில முள்ளெலும்புக்கான கண்டமாகும். அந்த முடிவில் பெரும் பங்கு டிபிஎக்ஸ்6 என்ற மரபணுவுக்கு. 1998இல் எலியில் அதை வேலை செய்யவிடாமல் பார்த்தபோது நடந்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்: பின்பகுதியில் இருபக்கமும் கண்டங்கள் வரவேண்டிய இடத்தில் கண்டத்துக்குப் பதிலாக நரம்புக்குழாய் வந்தது. நடுவில் வழக்கமான தண்டுவடம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று குழாய் வரிசையாக. எலும்பும் தசையும் ஆகவேண்டிய செல்கள், அந்த ஒரு உத்தரவு வராததால், தண்டுவடமாகப் போய்விட்டன. பிறவி முதுகு வளைவு உள்ள சிலருக்கு இதே மரபணுவில் மாற்றம் இருப்பதைப் பிற்பாடு மனிதர்களிலும் கண்டுபிடித்தார்கள்.

பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சும் முக்கியம். வாத்தியார் ஐயா சொன்ன முதுகுநாண் நடுப்படையைச் சேர்ந்தது, ஆனால் அதற்கு மேலே இருக்கிற தண்டுவடத்துக்கு எது அடிப்பக்கம், எங்கே இயக்க நரம்பு வரவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அதுதான். பக்கவாட்டில் இருக்கிற கண்டத்துக்கு எலும்பாகு என்று சொல்வதும் அதுவே. ஒரே ஆள் இரண்டு பக்கமும் பேசுகிறது. அது பிளந்துபோனாலோ இடம் தவறினாலோ இரண்டு படையிலும் குறை தெரியும். சிறுநீரகத்திலும் இப்படித்தான்: கீழே இருக்கிற குழாயிலிருந்து ஒரு மொட்டு முளைத்துப் பக்கத்துத் திசுவைத் தொடவேண்டும். தொட்டால் திசு அதைக் கிளைக்கச் சொல்லும், மொட்டு திசுவை வடிகட்டியாகச் சொல்லும். மொட்டு போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் பக்கம் சிறுநீரகமே வராது. முன்னே எழுதிய அண்ணனின் பையனுக்கு அப்படி ஏதோ நடந்திருக்கலாம். இது ஐந்தாவது வாரத்தில் தொடங்குகிற வேலை, கண்டங்கள் பிரிந்து முடியும் அதே வாரம்.

ஆகவே டாக்டர் சொன்ன மறுபாதி, எனக்குத் தெரிந்தவரை, ஒரே இடமும் ஒரே நேரமும். எந்தப் படை என்பதைவிட அந்த நாட்களில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்பது அதிகம் சொல்லும்.

கருவியல் வாத்தியார்:

எலும்பு டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், இந்தத் தம்பியோ தங்கையோ எழுதியதையும்.

அம்மா, இரண்டாவது கேள்விக்கு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் சொன்ன நாட்கள் எல்லாம் கருத்தரித்ததிலிருந்து. மகப்பேறு டாக்டர் வாரம் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து, அதாவது இரண்டு வாரம் கூடுதல். மாதவிலக்கு தள்ளிப்போகிற நாளில் அவர் கணக்கில் 4 வாரம், கருவின் கணக்கில் 14 நாள், ஆதிக்கோடு விழப்போகிற நேரம். முதல் கண்டம் பிரிவது அவர் கணக்கில் 5ஆம் வாரத்தை ஒட்டி. கடைசிக் கண்டங்கள் பிரிந்து முடிவது 7ஆம் வாரம். உங்களுக்குத் தெரிய வந்ததே அப்போதுதான். நெஞ்சுப் பகுதிக் கண்டங்கள் அதற்கு வெகு முன்னாலேயே பிரிந்து முடிந்துவிட்டன. தெரிந்த பிறகு நீங்கள் செய்த எதுவும் அந்தக் கண்டத்தைத் தொட்டிருக்கவே முடியாது.

தெரிவதற்கு முன் செய்ததைச் சொல்கிறீர்கள். வண்டியில் போனதால் கண்டம் பிரிவது கெடாது. சாப்பாட்டாலும் அல்ல. ஃபோலிக் அமிலம் எடுக்கவில்லையே என்று நினைக்கிறீர்கள். அது முக்கியமாகத் தடுப்பது தண்டுவடக் குழாய் மூடாமல் போவதை, உங்கள் மகளுக்கு இருப்பது அது இல்லை. உறுதியாகத் தெரிந்த தாய்வழிக் காரணங்களில் முதலிடம் கருத்தரிப்பதற்கு முன்பே கட்டுப்படாமல் இருந்த சர்க்கரை நோய். அது உங்களுக்கு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஒரே ஒரு முள்ளெலும்பு மட்டும் பாதியாக இருக்கிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இன்னது காரணம் என்று எந்த டாக்டராலும் காட்ட முடிவதில்லை. 5 மணி நேரத்துக்கு ஒரு ஜோடி என்று 40க்கும் மேற்பட்ட தடவை இடமும் வலமும் ஒரே சமயத்தில் பிரியவேண்டும். அதுமட்டுமல்ல, பிரிந்த கண்டம் அப்படியே ஒரு முள்ளெலும்பு ஆவதும் இல்லை. ஒன்றின் கீழ்ப்பாதியும் அடுத்ததன் மேல்பாதியும் சேர்ந்துதான் ஒரு முள்ளெலும்பு, அப்போதுதான் தசை இரண்டு எலும்புக்கு நடுவே பாலம் போட்டு அசைக்க முடியும். அதில் ஒரு பக்கத்தில், ஒரே ஒரு தடவை, ஏதோ ஒன்று சேராமல் போயிருக்கிறது.

உங்கள் மாமியார் மறுபடியும் கேட்டால் இந்த நாள் கணக்கைக் காட்டுங்கள். அவரும் பேத்தியை நினைத்துக் கவலைப்பட்டுத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எலும்பு டாக்டர்:

மேடம், இரண்டாவது குழந்தை பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்ரேயில் குறை எத்தனை எலும்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ஒரு ஹெமிவெர்டிப்ரா, விலா எலும்பு எல்லாம் சரி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் அடுத்த குழந்தைக்கு மறுபடியும் வருவது அரிது. மாறாக, வரிசையாகப் பல முள்ளெலும்புகள் கலைந்து, விலா எலும்புகளும் ஒட்டியோ குறைந்தோ இருந்தால் அது வேறு நோய். கண்டங்களை நேரம் தவறாமல் பிரிக்கிற கடிகாரம் ஒன்று செல்களுக்குள் ஓடுகிறது, 1997இல் கோழிக்கருவில் கண்டுபிடித்தது. டிஎல்எல்3, மெஸ்ப்2, ஹெஸ்7 என்று அதோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஒன்று தாயிடமும் தகப்பனிடமும் இருந்து பழுதாக வந்து சேர்ந்தால் அப்படி ஆகும். அந்த வகையில் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமன், அத்தை பிள்ளை என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இந்த மாதிரி நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல், அதனால் நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவரா என்று டாக்டர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகை மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் முழு முதுகெலும்பு எக்ஸ்ரேயையும் மூன்று பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசனைக்கு ஒருமுறை போய்விட்டு வந்து அடுத்ததைத் திட்டமிடுங்கள். திட்டமிடும்போது சர்க்கரை மூன்று மாத சராசரி பார்த்துக்கொள்ளுங்கள், ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், அது எல்லாப் பெண்களுக்கும் சொல்வதுதான். 18இலிருந்து 20 வாரத்தில் எடுக்கிற விரிவான ஸ்கேனில் முதுகெலும்பு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் பார்த்துவிடலாம், முதல் குழந்தைக்கு இப்படி என்று ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு இன்னும் ஒன்று. அறிக்கையில் அந்தப் பாதி எலும்புக்கு மேலும் கீழும் தட்டு (இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே மெத்தை போல இருப்பது) இருக்கிறது, அதாவது வளரும் தன்மையுடையது என்று எழுதியிருக்கிறார்களா, எதிர்ப்பக்கத்தில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று அடுத்த முறை கேளுங்கள். வளைவு எவ்வளவு வேகமாகக் கூடும் என்பது அதைப் பொறுத்தது. ஒட்டியிருந்தால் எக்ஸ்ரேக்குச் சொன்ன தேதியை ஒரு மாதம்கூடத் தள்ளவேண்டாம்.

நிலா அம்மா:

சொந்தத்தில் இல்லை டாக்டர். விலா எலும்பு சரி என்றுதான் எழுதியிருக்கிறது, எதிர்ப்பக்கம் ஒட்டியிருப்பதைப் பற்றி எதுவும் இல்லை, கேட்டுவிடுகிறேன். வயிற்று ஸ்கேனுக்கும் எக்கோவுக்கும் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. எம்ஆர்ஐக்கு அந்தச் சகோதரர் சொன்ன மாதிரி முதல் நேரம் கேட்டிருக்கிறேன், தேதி இன்னும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.